எல்லையைப் பார்க்கும் கோள் வயலையும் பார்க்க வேண்டும்: விண்வெளித் திட்டம் குறித்து டெல்டா நெல் விவசாயிகளின் நிலைப்பாடு

இந்தியாவின் செயற்கைக்கோள்கள் முதலில் யாருக்காக வேலை செய்ய வேண்டும் என்பது டெல்லியிலும் பெங்களூருவிலும் மட்டும் பேசி முடிக்கிற விஷயம் அல்ல. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சம்பா நடுகிற எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. எங்கள் சங்கத்தின் பொதுக்குழு விவாதித்து எடுத்த முடிவை இங்கே வைக்கிறோம். நாட்டின் பாதுகாப்புக்குச் செயற்கைக்கோள் வேண்டும். அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் மக்கள் பயன்பாட்டுக்கென்று தொடங்கிய திட்டத்தில், ராணுவத் தேவை எழும்போதெல்லாம் விவசாயம் வரிசையில் பின்னால் தள்ளப்படுவதை ஏற்க மாட்டோம். எந்தக் கோள் எதற்கு, அவசரம் வந்தால் எது காத்திருக்கும், காத்திருப்பதற்கு எல்லை எவ்வளவு என்பதை எழுத்தில் வரையறுத்து நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

டெல்டாவின் சிக்கல் மேகம். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து குறுவை நன்றாக அமைந்த ஆண்டிலும் இங்கே பெரும்பரப்பு சம்பாவும் தாளடியும்தான். பயிர் தூர் கட்டுவதும் சூல் பிடிப்பதும் கதிர் வருவதும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், வடகிழக்குப் பருவமழையின் நடுவில். சாதாரண கேமரா கொண்ட கோள் அந்த மாதங்களில் எங்கள் தலைக்கு மேல் எத்தனை முறை போனாலும் பெரும்பாலும் மேகத்தைத்தான் படம் எடுத்துக்கொண்டு போகும். ரேடார் கோள் வேறு. அது தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயலில் பட்ட அலை, கண்ணாடியில் பட்ட வெளிச்சம் மாதிரி வேறு பக்கம் தெறித்துவிடும்; படத்தில் அந்த வயல் கறுப்பாக விழும். நட்ட பயிர் பச்சை பிடித்துத் தூர் கட்டக் கட்ட, அலை தண்டிலும் தண்ணீரிலும் மோதித் திரும்பும். கறுப்பு மெல்ல வெளுக்கும். பன்னிரண்டு நாளுக்கு ஒரு படம் தவறாமல் கிடைத்தால், எந்த வயல் எந்தத் தேதி வாக்கில் நடப்பட்டது, எது தரிசாகவே கிடந்தது என்று சொல்லிவிட முடியும். வெளுத்து வந்த வயல் டிசம்பரில் திடீரென்று மறுபடி கறுத்தால் பயிர் தண்ணீருக்குள் போய்விட்டது என்று பொருள். அந்த நேரத்தில் படம் எடுக்கத் தவறினால் வெள்ளம் வடிந்துவிடும், அதோடு சாட்சியும் போய்விடும். அதனால்தான் ரேடார் கோளின் நேரம் யாருக்கு என்ற கேள்வி எங்களுக்கு நெல்லோடு சேர்ந்த கேள்வி.

இந்திய விண்வெளித் திட்டம் பிறந்தபோதே ராணுவமும் மக்கள் பயன்பாடும் அருகருகே இருந்தன. விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு 1962-ல், அணுசக்தித் துறையின் கீழ் அமைந்தது. அதே ஆண்டில் சீனப் போர். 1964-ல் சீனாவின் அணுகுண்டு. 1963 நவம்பர் 21 அன்று, மீனவர்களின் தேவாலயமும் நிலமும் விட்டுக்கொடுக்கப்பட்ட தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் வளிமண்டல ஆராய்ச்சிக்கானது. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த நைக்-அப்பாச்சியின் கீழ் அடுக்கு, நைக் என்ற விமான எதிர்ப்பு ஏவுகணையின் வழியில் வந்தது. இவ்வளவுக்கும் நடுவில், அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய விக்ரம் சாராபாய் திட்டத்தின் முகத்தை எந்தப் பக்கம் திருப்பினார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். வல்லரசுகளோடு போட்டி போட அல்ல, மனிதனுடைய, சமுதாயத்தினுடைய உண்மையான பிரச்சினைகளைத் தீர்க்கவே என்பது அவர் வைத்த நியாயம். 1968 பிப்ரவரி 2 அன்று தும்பா நிலையத்தை இந்திரா காந்தி ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். 1970-ல் பி. ஆர். பிஷரோட்டியின் குழு ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்து, கேரளத்துத் தென்னைகளில் பரவியிருந்த வேர் வாடல் நோயைக் கண்டறிய முயன்றது. இந்தியத் தொலையுணர்வுத் துறையின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். நோய் பிடித்த ஒரு தென்னந்தோப்பு! கஜா புயலில் தென்னையை மொத்தமாக இழந்த பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்களுக்கு இது வெறும் வரலாற்றுச் செய்தி அல்ல.

ராணுவத்துக்கும் மக்கள் பயன்பாட்டுக்கும் நடுவிலான கோடு பிறகு பலமுறை அழிந்து அழிந்து எழுதப்பட்டது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்ட எஸ்.எல்.வி-3-ன் திட்ட இயக்குநர் அப்துல் கலாம், 1982-ல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். 1989 மே 22 அன்று சோதித்த அக்னி ஏவுகணையின் முதல் அடுக்கு எஸ்.எல்.வி-3-லிருந்து வந்தது. நாட்டுக்கு அது தேவைப்பட்டது என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதற்கு விலை இருந்தது. ரஷ்யாவிடமிருந்து கிரையோஜெனிக் எஞ்சின் வாங்கும் ஒப்பந்தத்துக்காக 1992-ல் அமெரிக்கா இஸ்ரோ மீது தடை விதித்தபோது, ஏவுகணைத் தொழில்நுட்பம் என்பதைத்தான் காரணமாகச் சொன்னது. வணிகப் போட்டியும் அதற்குள் இருந்தது என்றே நினைக்கிறோம். எப்படியானாலும், சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி வெற்றி பெற 2014 ஜனவரி 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எது ராணுவம், எது அறிவியல் என்று பிரித்துக் காட்ட முடியாத நிலை இஸ்ரோவுக்கே நல்லதல்ல என்று நாங்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

எங்களை நேரடியாகத் தொட்டது ரிசாட் விவகாரம். விவசாயத்துக்கும் வெள்ளக் கண்காணிப்புக்கும் பொருத்தமான சி-பேண்ட் ரேடாரோடு இஸ்ரோ கட்டிக்கொண்டிருந்த கோள் ரிசாட்-1. அதற்கிடையே 2008 நவம்பரில் மும்பையில் தாக்குதல் நடந்து 166 பேர் கொல்லப்பட்டார்கள். இஸ்ரேலில் தயாரான எக்ஸ்-பேண்ட் ரேடார் கோள் ஒன்று அவசரமாக வந்து, ரிசாட்-2 என்ற பெயரில் 2009 ஏப்ரல் 20 அன்று ஏவப்பட்டது. ரிசாட்-1 ஏவப்பட்டது 2012 ஏப்ரல் 26. இரண்டாவது முதலில் போய், முதலாவது மூன்று ஆண்டு கழித்துப் போனது. மும்பைக்குப் பிறகு அப்படி ஒரு முடிவெடுத்ததை நாங்கள் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் எல்லையில் நிற்கிறார்கள். எங்கள் கேள்வி அதற்குப் பிறகு நடந்தது பற்றி. ஐந்தாண்டு ஆயுள் குறித்து அனுப்பிய ரிசாட்-1-ன் பணி 2017-க்குள் நின்றுபோனது. அதன் இடத்தை நிரப்பும் இ.ஓ.எஸ்-04 வந்தது 2022 பிப்ரவரி 14-ல்தான். இடைப்பட்ட காலத்தில் ரேடார் கோளே ஏவாமல் இருந்தார்களா? இல்லை. 2019 மே 22-ல் ரிசாட்-2பி, அதே ஆண்டு டிசம்பர் 11-ல் ரிசாட்-2பிஆர்1, 2020 நவம்பர் 7-ல் இ.ஓ.எஸ்-01 என்று மூன்று போயின. மூன்றுமே எக்ஸ்-பேண்ட், ஒரு சிறு இடத்தைக் கூர்ந்து பார்ப்பதற்கு ஏற்றவை. மாவட்டம் மாவட்டமாக நெல் பரப்பை வாராவாரம் அளக்க வேறு வகைக் கோள் வேண்டும்.

அந்த மூன்றின் அறிவிப்பிலும் விவசாயம், வனம், பேரிடர் மேலாண்மை என்றே எழுதியிருந்தது. பத்திரிகைகளோ அவற்றை எல்லைக் கண்காணிப்புக் கோள்கள் என்று எழுதின. பாதுகாப்புக்கென்றால் பாதுகாப்புக்கென்று சொல்லுங்கள், யாரும் மறுக்கப்போவதில்லை. எங்கள் பெயரில் அனுப்பினால் எங்கள் வயலின் படத்தைக் கொடுங்கள். விவசாயம் என்ற சொல்லை முகவரியில் மட்டும் எழுதுவது எங்களுக்கு மரியாதை அல்ல.

அந்த ஐந்தாண்டு இடைவெளியில் டெல்டாவின் சம்பாவைப் பார்த்தது ஐரோப்பியக் கோள். 2014-ல் ஏவிய சென்டினல்-1-ன் படங்களை ஐரோப்பா உலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைக் கொண்டுதான் நெல் பரப்பையும் விளைச்சலையும் கணித்து, பயிர்க் காப்பீட்டுக்கு உதவியது. அந்த விஞ்ஞானிகளுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் 2021 டிசம்பரில் சென்டினல்-1பி பழுதானபோது என்ன ஆனது? இரண்டு கோள் பார்த்த இடத்தை ஒன்றே பார்க்க வேண்டி வந்தது. அதைச் சரிசெய்யச் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. அது அவர்கள் கோள்.

காப்பீட்டில் இது எப்படி வந்து இறங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு வருவாய் கிராமத்தின் மகசூலை முடிவு செய்ய, பொறுக்கி எடுத்த சில வயல்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். இருபத்தைந்து சதுர மீட்டர். கிராமத்துக்கு நான்கு இடம் என்றால் மொத்தம் நூறு சதுர மீட்டர் நெல்தான் ஊர் முழுவதற்கும் பதில் சொல்கிறது. வாய்க்கால் தலைப்பில் இருக்கும் மேட்டு வயலில் கயிறு விழுந்தால் கடைமடையில் மூழ்கியவனுக்கும் இழப்பு பூஜ்யம். பிரீமியம் கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு குறைதீர் கூட்டத்துக்கு வந்து நிற்கும் உறுப்பினர்கள் எங்கள் ஒவ்வொரு கிளையிலும் இருக்கிறார்கள். 2023 முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீத இடம் தர வேண்டும் என்று மத்திய அரசின் காப்பீட்டு விதி மாறியிருக்கிறது. மாற்றம் நல்லதுதான். ஆனால் வயலின் தலையெழுத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கோள் எழுதப்போகிறது என்றால், அந்தக் கோள் உரிய நாளில் வயலைப் பார்த்ததா, வேறெங்கோ திருப்பி விடப்பட்டதா என்று கேட்கும் உரிமை விவசாயிக்கு வந்தாக வேண்டும்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, காவிரி டெல்டா போன்ற நெற்பகுதிகளுக்கு அக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரை ரேடார் கோளின் நேரத்தில் குறைந்தபட்சப் பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது. போர் மூண்டால் அதை எடுத்துக்கொள்ளட்டும். எடுத்தால் எத்தனை நாள் படம் விடுபட்டது என்பதைப் பிறகாவது வெளியிட வேண்டும். விடுபட்ட நாளின் பழி விவசாயியின் கணக்கில் ஏறக் கூடாது. படம் இல்லாத இடத்தில் இழப்பும் இல்லை என்று எழுதுவதை விதியே தடுக்க வேண்டும்.

அடுத்தது பணம். கண்காணிப்புக் கோள்களின் செலவு பாதுகாப்புத் துறையின் கணக்கிலிருந்து வர வேண்டும், விண்வெளித் துறையின் கணக்கிலிருந்து அல்ல. 2024 அக்டோபரில் 52 கண்காணிப்புக் கோள்களுக்கான திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்ததாகச் செய்தி வந்தது. 2025 மே மாதம் இம்பாலில், ஒரு வேளாண் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில், குறைந்தது 10 கோள்கள் நாட்டின் பாதுகாப்புக்காக இரவும் பகலும் வேலை செய்கின்றன என்று இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் பேசினார். பெருமையாகத்தான் கேட்டோம். அதே மேடையில் நெல்லுக்கென்று எத்தனை என்ற எண்ணும் வந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்போம். ஒரு ரேடார் கோள் ஓய்வதற்கு முன்பே அடுத்தது சுற்றுப்பாதையில் இருக்க வேண்டும். 2025 மே 18-ல் இ.ஓ.எஸ்-09-ஐ எடுத்துச் சென்ற பி.எஸ்.எல்.வி-சி61 மூன்றாம் அடுக்கில் தோற்றபோது, இ.ஓ.எஸ்-04-க்குத் துணையாக வந்திருக்க வேண்டிய கோளும் போய்விட்டது. மாற்றுக் கோள் கைவசம் இல்லாமல் ஓட்டுவது வயலுக்கும் ஆபத்து, எல்லைக்கும் ஆபத்து.

ரகசியம் பற்றி ஒரு மறுப்பு வரும்: ரேடார் படத்தைத் திறந்து வைத்தால் எதிரியும் பார்ப்பான் என்பார்கள். தஞ்சாவூரிலேயே விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரி 20 முதல் சுகோய்-30 அணி ஒன்று இங்கே நிற்கிறது. அந்த விமானங்கள் எங்கள் நாற்றங்காலுக்கு மேல்தான் பறக்கின்றன. தளத்தின் மேல் எத்தனை கட்டுப்பாடு வேண்டுமானாலும் வையுங்கள். ஒரத்தநாட்டு வயலில் தண்ணீர் நிற்பதில் என்ன ரகசியம்? ஐந்து மீட்டரும் அதற்கு மேலும் துல்லியம் குறைந்த படங்கள் இலவசமாகத் திறந்திருக்கும் என்று 2023-ன் இந்திய விண்வெளிக் கொள்கையே சொல்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார், அமெரிக்காவும் இந்தியாவும் சேர்ந்து கட்டியது. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்புகிறது, அதன் தரவு எல்லோருக்கும் திறந்தது. கொள்கையும் இருக்கிறது, கோளும் இருக்கிறது. இல்லாதது புல எண்ணைத் தட்டினால் தன் வயலின் படத்தைத் தமிழில் காட்டும் ஒரு வழி. அடங்கலோடும் பயிர்க் கணக்கெடுப்போடும் இதை இணைப்பது மாநில அரசின் வேலை, அதையும் கேட்கிறோம்.

பாதுகாப்பு, விவசாயம் இரண்டுக்குமான வேலையை ஒரே கோளில் செய்யலாமே, ஏன் பிரிக்க வேண்டும் என்று எங்கள் கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். செய்யலாம், செய்யவும் வேண்டும். இரட்டைச் செலவு செய்கிற நாடு அல்ல நாம். ஆனால் அதற்கான விதி வெளிப்படையாக இருக்க வேண்டும். ஜப்பான் 1969-ல் விண்வெளி அமைதிக்கு மட்டும் என்று நாடாளுமன்றத்தில் தீர்மானம் போட்டது; 2008-ல் தனிச் சட்டம் இயற்றிப் பாதுகாப்புக்கும் வழி திறந்தது. மாற்றிக்கொண்டது சரியா தவறா என்பது அவர்கள் நாட்டு விவாதம். நாங்கள் கவனிப்பது, அங்கே மாற்றம் நாடாளுமன்றம் வழியாக, எல்லோரும் பார்க்க நடந்தது என்பதை. இங்கே விண்வெளி நடவடிக்கைகளுக்கென்று ஒரு முழுமையான சட்டமே இன்னும் வரவில்லை. ஓர் உதாரணம்: 2019 ஜனவரி 24 அன்று சென்னை மாணவர்கள் செய்த கலாம்சாட்டும் மைக்ரோசாட்-ஆர் கோளும் ஒரே ராக்கெட்டில் போயின. இரண்டு மாதம் கழித்து மார்ச் 27-ல் மைக்ரோசாட்-ஆரை ஏவுகணையால் அடித்து வீழ்த்திக் காட்டியபோதுதான், அது எதற்காகப் போனது என்று நாட்டுக்குத் தெரிந்தது.

கடற்கரை ஊர்களையும் இதில் சேர்த்தே பேசுகிறோம். நாகப்பட்டினம், வேதாரண்யம் மீனவர்களுக்கு எல்லைக் கோடு எங்கே என்று காட்ட வேண்டியது இந்தியாவின் வழிகாட்டிக் கோள் வரிசையான நாவிக். பொதுமக்களுக்கு ஒரு சேவை, பாதுகாப்புப் படைக்கு மறைகுறியிட்ட ஒரு சேவை என்று அது முதலிலேயே பிரித்து வடிவமைக்கப்பட்டது. நாங்கள் கேட்கும் வரையறைக்கு அதுவே முன்மாதிரி. ஆனால் பழைய கோள்கள் ஓய்ந்து வருகின்றன. அந்த வரிசைக்காக 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்-02 உரிய சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த வரிசையை முடிக்கும் கால அட்டவணையையும் அரசு வெளியிட வேண்டும்.

இந்த அறிக்கையை நான்கு மாவட்ட ஆட்சியர்களிடமும் குறைதீர் நாள் கூட்டங்களில் மனுவாகக் கொடுக்கிறோம். டெல்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் விண்வெளித் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் இதை எழுப்ப வேண்டும் என்று கேட்டு ஒவ்வொருவருக்கும் எழுதுகிறோம். சம்பா காப்பீட்டுப் பதிவு முடிவதற்குள், இந்தப் பருவத்தில் எங்கள் வருவாய் கிராமங்களை எந்தக் கோள் எந்தத் தேதிகளில் பார்க்கும் என்ற அட்டவணையை வேளாண் துறை வெளியிட வேண்டும். வெளியிட்டால் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் அதை ஒட்டும் வேலையை எங்கள் கிளைகள் எடுத்துக்கொள்ளும்.