ஒரே சரிவில் ஓட்டிப் பாருங்கள்

காலில் மாட்டிப் பனியில் சறுக்கும் ஸ்கீயை வாங்குமுன் பரீட்சித்துப் பார்ப்பது நல்ல வழக்கம்தான். பரீட்சிக்கும் முறைதான் எனக்கு உடன்பாடில்லை.

சென்ற அக்டோபரில் மியூனிக்கிலுள்ள மகன் ஆஸ்திரியாவின் ஹின்டர்டக்ஸ் பனியாற்றுக்கு அழைத்துப் போனான். 3250 மீட்டர் உயரம்வரை கேபிள் கார். வருஷம் முழுவதும் சறுக்கலாம். அவன் மூன்று ஜோடி ஸ்கீகளை வாடகைக்கு எடுத்தான். நான் குல்லாயும் நோட்டுப் புத்தகமுமாகக் கீழே நின்றேன்.

காலையில் பனி கண்ணாடிபோல் இறுகியிருந்தது. நடுவில் 70 மில்லிமீட்டரே அகலமுள்ள ஸ்கீயின் எஃகு விளிம்பு அதை நன்றாகக் கவ்வியது. வெயிலேறிப் பனி இளகியதும் 100 மில்லிமீட்டர் ஸ்கீயை மாட்டிக்கொண்டு, "இதுதான் உசத்தி" என்றான். அது பனிக்குப் போட்ட மார்க்கு, ஸ்கீக்கு அல்ல! ஈரத் தண்டவாளத்தில் ஒரு பிரேக்கையும் காய்ந்ததில் இன்னொன்றையும் சோதித்து ரிப்போர்ட் எழுதினால் ரயில்வேயில் யார் ஏற்பார்கள்? ஒரே சரிவில், அரை மணிக்குள், எல்லா ஜோடியையும் ஓட்ட வேண்டும். மதியம் மறுபடியும்.

பிள்ளைகள் குளிர் நாடுகளிலுள்ள அன்பர்கள் இதையும் எழுதிப் போடுங்கள்: ஜோடி மாற்றும்போதெல்லாம் பூட்ஸைப் பிடிக்கும் பைண்டிங்கை எடை, வயது, திறமை, பூட்ஸ் நீளம் பார்த்துத் திருத்த வேண்டும். விழும்போது அது கழன்றால்தான் காலுக்கு ஆபத்து குறையும். அவசரத்தில் அப்படியே மாட்டிக்கொண்டு போனவர்களையும் பார்த்தேன். கடைக்காரரிடம் கேட்டால் திருப்புளியால் அவரே சரிசெய்து தருகிறார்.