காயவைக்கும் களம் யாரிடமோ விலையும் அவரிடமே

அம்பாறை மாவட்டத்து நெல் லொறி ஏறிப் பொலன்னறுவைக்குப் போகிறது. அங்கே அரிசியாகி, வந்த வழியே திரும்பி எமது கடைகளில் இறங்குகிறது. இடையிலுள்ள இலாபம் அங்கேயே தங்கிவிடுகிறது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வியாபாரிகள் பலர் இதற்குப் பெரிய ஆலைக்காரர்களையே குறை சொல்கிறார்கள். முப்பது வருடமாக நெல்லும் அரிசியும் வாங்கி விற்பவன் என்ற வகையில் எனது அபிப்பிராயம் வேறு. நெல்லைக் காயவைக்கவும் பாதுகாத்து வைக்கவும் எம்மிடம் இடமில்லை. பிரச்சினையின் வேர் அதுதான்.

முன்பு ஒரு ஏக்கர் வெள்ளாமை வெட்ட பத்துப் பேராவது இறங்க வேண்டும். வெட்டி, உப்பட்டியைக் காயவிட்டு, சூடு வைத்து, பிறகுதான் சூடடிப்பார்கள். நெல் வீட்டுக்கு வரும்போதே பெருமளவு காய்ந்திருக்கும். இன்று வெட்டுமெசின் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் அந்த வேலையை முடித்துவிடுகிறது. அதைக் குறை சொல்ல முடியாது. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, இளைஞர்கள் கொழும்புக்கும் கட்டாருக்கும் போய்விட்டார்கள். ஆனால் மெசின் தருவது ஈரநெல். முழு வட்டையும் ஓரிரு வாரத்துக்குள் வெட்டப்படுவதால் எல்லோருடைய ஈரநெல்லும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருகிறது. எமது பக்கத்துப் பெரும்போக அறுவடை ஜனவரி, பெப்ரவரி மழையிலும் மாட்டிக்கொள்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை நாடு நெல்லுக்கு கிலோ 120 ரூபா. அது 14 வீத ஈரப்பதனுள்ள நெல்லுக்குரிய விலை. 20 வீத ஈரப்பதனுள்ள 100 கிலோ நெல் 14 வீதத்துக்குக் காய்ந்தால் 93 கிலோ நிற்கும். அதன் பெறுமதி 11,160 ரூபா. அப்படியானால் ஈரநெல் ஒரு கிலோவின் பெறுமதி ஏறக்குறைய 111 ரூபா. காயவைக்கும் செலவைக் கழித்தாலும் நூறு ரூபாவுக்கு மேல் கொடுக்கலாம். வயலடியில் 85, 90 என்று கேட்டால் விவசாயி கொடுத்துத்தான் ஆக வேண்டும். மூடைக்குள் ஈரநெல் சூடேறிப் பழுதாகும். பசளைக் கடனும் மெசின் கூலியும் வாசலில் நிற்கும்.

விற்க மனமில்லாதவர் நெல்லைத் தார் வீதியில் பரப்புகிறார். மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுவதும், இரவில் நெல்லுக்குக் காவலாக வீதியோரத்தில் படுத்திருப்பவரின் உயிர் வாகனச் சில்லுக்கு அருகில் இருப்பதும் யாரும் அறியாத விடயமல்ல. சரியாகக் காயாத நெல்லில் பூஞ்சணம் பிடித்தால் அந்த அரிசியைச் சாப்பிடுபவருக்கும் கேடு.

இதெல்லாம் விவசாயியின் பாடு என்று கடைக்காரர் இருந்துவிட முடியாது. 2024 டிசம்பரில் நாடு அரிசிக்கு 230 ரூபா உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது. கையிருப்பு யாரிடம் இருந்ததோ அவர் சொன்னதுதான் மொத்த விலை. கூடிய விலைக்கு வாங்கியவர் குறைத்து விற்க முடியாமல் அரிசியையே நிறுத்தினார். மீறி விற்றால், 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி தனிநபருக்குக் குறைந்த தண்டப்பணமே ஒரு இலட்சம் ரூபா. தட்டுப்பாட்டைத் தீர்க்க அந்த மாதமே தனியார் இறக்குமதிக்கும் அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. அடுத்த மாதம் எமது வட்டைகளில் அறுவடை தொடங்கியது. ஆண்டு முடிவில் அரிசிக்கு அலைகிறோம், ஆண்டு தொடக்கத்தில் ஈரநெல்லை விலையில்லாமல் அனுப்புகிறோம்.

ஆகவே எனது ஆலோசனை இதுதான். இன்னொரு புடவைக் கடையிலோ தொலைபேசிக் கடையிலோ போடும் முதலை, ஐந்து பத்துப் பேர் கூட்டாகச் சேர்ந்து ஓர் உலர்த்தும் இயந்திரத்திலும் களஞ்சியத்திலும் போடுங்கள். வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தானே வேலை என்று கேட்பார்கள். பெரும்போகம் முடிந்தால் சிறுபோகம் இருக்கிறது, சோளமும் காயவைக்கலாம். எரிபொருளுக்கு உமி இருக்கிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமிதான். சொந்தமாக வாங்காமல், கூலிக்குக் காயவைத்துக் கொடுத்தாலே வருமானம் வரும். மெசினால் வேலை இழந்தவர்களில் சிலருக்காவது ஊரிலேயே சம்பளமும் கிடைக்கும்.

நாட்டில் தொழில் செய்வோரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் விவசாயத்தில் இருக்கிறார். ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அதன் பங்கு பத்து வீதத்துக்கும் குறைவு. வயலில் விளைவதை விட, வயலுக்கு வெளியே காயவைத்து, குற்றி, வைத்திருந்து விற்பவரிடமே காசு சேர்கிறது. அந்த இடத்தில் எமது ஊர் வியாபாரிகள் நிற்க வேண்டும். விவசாயிக்குக் கிலோவுக்குப் பத்து ரூபா கூட்டிக் கொடுத்தும் இலாபம் காணக்கூடிய வியாபாரம் வேறெங்கே இருக்கிறது? அடுத்த அறுவடைக்கு முன்பே இதற்குக் கூடிப் பேசுவது நல்லது.