வெடிக்கு முன்னால் அளவுகோல்!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் நடக்கிறது. காய் விளைவதோ மேலே, மலையில். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடி மெட்டு வழியாக எஸ்டேட்டுக்குப் போய், பொழுது சாயும்போது இறங்கி வரும் தொழிலாளிகள் ஏராளம். அந்த மலையில் பாறையை உடைக்காமல் ரோடு இல்லை. ஆகையால் வெடி இந்தச் சீமைக்குப் புதிதல்ல.

வெடி அதிர்வை அடக்க முடியுமா? முடியும். அடக்கினார்களா, இல்லையா என்பதை ஊராருக்கு யார் சொல்வது? தகராறு அங்கேதான் பிறக்கிறது.

பொட்டிப்புரம் கதை பலருக்கு நினைவிருக்கும். போடி மேற்கு மலையைக் குடைந்து, சுமார் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப் பாதை அமைப்பது. அதன் முடிவில் ஒரு பெரிய குகை வெட்டுவது. அதற்குள் 50 ஆயிரம் டன் இரும்பைக் காந்தமாக்கி வைத்து, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய்வது. இதுதான் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய மந்திரி சபை சம்மதம் கொடுத்தது.

நியூட்ரினோ யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. நம் உடம்புக்குள் புகுந்து கோடிக்கணக்கில் போய்க்கொண்டேதான் இருக்கிறது. வானத்திலிருந்து விழும் மற்றக் கதிர்களின் தொந்தரவு இல்லாத இடம் வேண்டும் என்றுதான், ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை மூடிய மலையைத் தேடி வந்தார்கள். அமைதியைத் தேடி வந்த திட்டம், வெடிச் சத்தத்தைப் பற்றிய சண்டையில் மாட்டிக்கொண்டது!

முல்லைப்பெரியாறு அணை 1895-ல் கட்டியது. அது என்ன ஆகும்? இடுக்கி அணை என்ன ஆகும்? எங்கள் கிணறு, எங்கள் ஓட்டு வீடு? இப்படிக் கேட்டார்கள். அதிர்வு அவ்வளவு தூரம் போகாது என்றார்கள் விஞ்ஞானிகள். கணக்குப்படி நியாயமான பதில்தான். ஆனால் கேட்டவர் மனம் ஆறவில்லை. விவகாரம் ஐகோர்ட்டு, பசுமைத் தீர்ப்பாயம், சுப்ரீம் கோர்ட்டு என்று ஏறியது. மதிகெட்டான் சோலைக் காடு, புலி நடமாடும் வழி என்று வேறு காரணங்களும் சேர்ந்தன. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, இத்திட்டத்தை அனுமதிக்க விரும்பவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்துவிட்டது. சுரங்கம் குடையப்படவில்லை.

அது போகட்டும். மற்ற வெடிகள் நிற்கவில்லையே!

ஊஞ்சலும் வீடும்

குளத்தில் கல்லைப் போட்டால் வளையம் வளையமாக அலை கிளம்பும் அல்லவா? வெடித்ததும் பாறையிலும் அப்படித்தான். தூரம் போகப் போக அலை அடங்கும். வீட்டின் அடியில் அது வரும்போது, நிலம் என்ன வேகத்தில் ஆடுகிறது என்று காட்டும் கருவி இருக்கிறது. அதிர்வுமானி என்று பெயர். விநாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக் காட்டிவிடும்.

சுரங்கங்களுக்காக 1997-ல் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் ஒரு வரம்பு வகுத்தது. மற்றவர்கள் குடியிருக்கும் வீட்டருகே, விநாடிக்கு 8 தடவைக்குக் குறைவான மெதுவான ஆட்டமென்றால், வேகம் 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. 25 தடவைக்கு மேல் படபடவென்று ஆடினால் 15 வரை போகலாம். மெதுவான ஆட்டத்துக்கு ஏன் இந்தக் கண்டிப்பு? ஊஞ்சலைப் பாருங்கள். தாளம் பார்த்துத் தள்ளினால், சின்னப் பிள்ளை தள்ளினாலும் உயரப் போகும். வீட்டுக்கும் ஒரு தாளம் உண்டு. அது மெதுவான தாளம். வெடி அலை அதோடு சேர்ந்துகொண்டால் சுவர் விரியும்.

இதை அடக்க மந்திரம் வேண்டாம். பத்துக் குழியையும் ஒன்றாக வெடிக்காமல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு இடைவெளி விட்டால் போதும். காதுக்கு ஒரே "டமார்"தான். பாறைக்கோ பத்துச் சின்ன அடி. ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்தால், வீடு இரண்டு மடங்கு தள்ளிப்போனதற்குச் சமம் என்பது என்ஜினீயர்கள் கணக்கு. குழியின் வாயைக் கல்பொடியால் இறுக்கி அடைத்தால் சத்தமும் குறையும். வீடு மிகவும் பக்கத்தில் இருந்தால் வெடியே வேண்டாம். ஊறினால் பருக்கும் ஒருவகைச் சுண்ணாம்பு மாவைக் கரைத்துத் துளையில் ஊற்றினால், பாறை சத்தமில்லாமல் பிளந்துவிடும். செலவு கூடும், நாளும் கூடும். காண்டிராக்டருக்குக் கசப்பது அதுதான்.

இன்னொரு சங்கதி. மனித உடம்பு பொல்லாதது. 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆட்டத்தையே உணர்ந்துவிடும். காற்றில் வரும் ஓசையால் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டால், வீடே ஆடியதாகத் தோன்றும். உடனே சுவரைப் பார்ப்போம். முன்பே இருந்த விரிசல் அன்றுதான் கண்ணில் படும்! வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. காண்டிராக்டரும் பொய் சொல்லாமல் இருக்கலாம். யார் பேச்சு சரி என்று காட்ட எழுத்தில் எதுவும் இல்லை.

மலைச் சரிவில் வேறொரு ஆபத்தும் உண்டு. வீட்டுக்கு வகுத்த அளவு, மழையில் ஊறி நிற்கும் பாறைக்குப் பொருந்தாது. தேவிகுளம் அருகே கேப் ரோட்டை அகலப்படுத்தும் வேலை நடந்தபோது, 2019, 2020 ஆண்டுகளில் பெரும் பாறைச் சரிவுகள் ஏற்பட்டன. வெடியும் ஒரு காரணம் என்று புகார் எழுந்தது. தென்மேற்குப் பருவ மழை கொட்டும் மாதங்களில் சரிவில் வெடி வைப்பதை நிறுத்தவேண்டும் என்பது என் கருத்து. வேலை மூன்று மாதம் பிந்தினால் பிந்தட்டும். கீழே லயத்தில் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

மற்ற மாதங்களில்? அதிர்வுமானி காண்டிராக்டரின் கொட்டகையில் இருந்து பயனில்லை. வெடிக்கு மிக அருகில் உள்ள வீட்டு வாசலில் அது இருக்கவேண்டும். அன்றைய எண்ணையும், மறுநாள் வெடி நேரத்தையும் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் தமிழில் எழுதிப் போடவேண்டும். 5 என்ற வரம்பும் பக்கத்திலேயே இருக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் 3 பெரிதா, 5 பெரிதா என்று அறிவார்.

முதல் வெடிக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் போட்டோ எடுத்து, தேதி போட்டு, ஒரு பிரதியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடவேண்டும். இதற்கு ஒரு கைப்பேசி போதும். வீட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும்.