இடித்தவர் போய்விடுகிறார், செலவு இடிபட்டவருக்கு

சாலை ஓரத்தில் ஒழுங்காக நிறுத்தியிருந்த காரை யாரோ ஒருவர் இடித்துவிடுகிறார். சிக்னலில் நின்ற வண்டியைப் பின்னால் வந்தவர் பதம் பார்த்துவிடுகிறார். ஆளுக்குக் காயமில்லை. பம்பர் உடைந்திருக்கிறது, கதவு நசுங்கியிருக்கிறது. சற்று நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, கூடி நிற்பவர்களில் ஒருவர் தீர்ப்புச் சொல்கிறார்: “விடுங்க சார், ரெண்டு பேருக்கும் இன்ஷூரன்ஸ் இருக்குல்ல? அவங்கவங்க வண்டியை அவங்கவங்க பார்த்துக்கங்க.” கூட்டம் கலைகிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தத் தீர்ப்பில், தவறே செய்யாதவர்தான் தண்டிக்கப்படுகிறார். சாலையோரப் பஞ்சாயத்தின் குறை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டின் மோட்டார் காப்பீட்டு முறையும் நடைமுறையில் இதே தீர்ப்பைத்தான் வழங்குகிறது. அது மாற வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. ‘தேர்டு பார்ட்டி’ என்று நாம் சொல்லும் இந்தக் காப்பீடு உயிருக்கும் உடலுக்கும் மட்டும் உரியதல்ல. பிறர் சொத்துக்கு நேரும் சேதமும் அதில் அடக்கம். வழக்கமான கார் பாலிசியில் இதற்கான வரம்பு 7.5 லட்சம் ரூபாய். 1000 முதல் 1500 சிசி வரையுள்ள காருக்கு 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 3,416 ரூபாய். இடித்தவர் இந்தப் பணத்தைக் கட்டியிருக்கிறார். ஆகவே இடிபட்ட வண்டியைச் சரிசெய்யும் பொறுப்பு அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்கு உண்டு. ஏட்டில் இருப்பது இவ்வளவு தெளிவு.

பட்டறை வாசலில் நடப்பது வேறு. இடிபட்டவர் தன் சொந்தப் பாலிசியில், அதாவது ‘ஓன் டேமேஜ்’ பிரிவில், க்ளெய்ம் போடுகிறார். அதன் விலை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பல ஆண்டுகள் க்ளெய்ம் எதுவும் போடாமல், அதற்கான பிரீமியத் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸில் உச்ச அளவான 50 சதவீதத்தை எட்டியவர் அவர் என்று வைத்துக்கொள்வோம். பழுதுச் செலவு, வரி நீங்கலாக, 15,000 ரூபாய்: புது பம்பர் 8,000, பெயின்டிங் 5,000, டிங்கரிங் கூலி 2,000. பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதத் தேய்மானம் என்பதால் பம்பரில் 4,000 கழிகிறது. பெயின்டிங் செலவில் கால் பங்கைப் பெயின்டின் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பதால் இன்னும் 625 போகிறது. 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. ஆக, நிறுவனம் தருவது 9,375 ரூபாய். கைக்காசு 5,625 ரூபாய்.

நஷ்டம் அதோடு முடிவதில்லை. க்ளெய்ம் போட்டதால் 50 சதவீத போனஸ் ஒரேயடியாகப் பூஜ்யமாகிறது. பிறகு 20, 25, 35, 45 என்று ஆண்டுக்கொரு படியாக ஏறித்தான் மீண்டும் 50-ஐ எட்ட வேண்டும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று கொண்டால், இந்த ஐந்து ஆண்டுகளில் அவர் இழக்கும் தள்ளுபடி 12,500 ரூபாய். கைக்காசையும் சேர்த்தால் 18,125 ரூபாய். க்ளெய்ம் போடாமல் முழுச் செலவையும் தானே ஏற்றிருந்தால் 15,000 ரூபாயோடு போயிருக்கும்! ‘பம்பர் டு பம்பர்’ எனப்படும் தேய்மானமில்லாப் பாலிசியும், போனஸைக் காக்கும் கூடுதல் பாலிசியும் இந்த இழப்பைக் குறைக்கும். ஆனால் பிறர் தவறிலிருந்து தப்பிக்க நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இடித்தவருக்கோ, அவர்மீது மூன்றாம் நபர் இழப்பீடு கோரப்பட்டாலும் போனஸ் குறைவதில்லை. அது சொந்தச் சேத க்ளெய்மை மட்டுமே சார்ந்தது. தவறிழைத்தவரின் தள்ளுபடி பத்திரமாக இருக்க, தவறற்றவரின் தள்ளுபடி பறிபோகும் இந்த விநோதத்தை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

அப்படியானால் இடித்தவரின் நிறுவனத்திடமே ஏன் கேட்பதில்லை? போய்க் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்வார்கள். பதினைந்தாயிரம் ரூபாய்க்காக வக்கீல் வைத்து, சாட்சி தேடி, வாய்தாவுக்கு வாய்தா விடுப்பு எடுக்க யாரால் முடியும்? 2019-இல் செய்த திருத்தம், மனு செய்வதற்கு ஆறு மாதக் கெடுவையும் வைத்தது. எதிர்த்தரப்பு நிறுவனத்துக்கு நாம் வாடிக்கையாளர் அல்ல என்பதால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமோ நுகர்வோர் ஆணையத்திடமோ முறையிடும் வழியும் பொதுவாக அடைபட்டுவிடுகிறது.

நிறுவனங்களுக்கு இது வசதி. ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரின் சேதத்துக்காக இன்னொரு நிறுவனத்திடம் பணம் கேட்பதில்லை என்ற ‘நாக் ஃபார் நாக்’ ஏற்பாடு அவற்றுக்குள் நெடுங்காலமாக உண்டு. இன்று நீ விட்டுக்கொடு, நாளை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்ற அந்தக் கணக்கில் நிறுவனங்களுக்கு நிர்வாகச் செலவு மிச்சம். ஆனால் அவற்றுக்கிடையே நேராகிவிடும் கணக்கு, வண்டிக்காரருக்கு நேராவதில்லை. கட்டாயக் கழிவு, தேய்மானம், போனஸ் இழப்பு ஆகிய மூன்றும் அவர் தலையில்தான் விழுகின்றன.

இதற்கு மாற்று உண்டா? இத்தாலியைப் பார்க்கலாம். 2007 பிப்ரவரி முதல் அங்கே நேரடி இழப்பீட்டு முறை நடப்பில் இருக்கிறது. இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால், இடிபட்டவர் தன் சொந்த நிறுவனத்திடமே இழப்பீடு பெறுகிறார். அது எதிர்த்தரப்பின் பொறுப்புக்கான இழப்பீடாகவே வழங்கப்படுகிறது. நிறுவனங்கள் பின்னர் தமக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்கின்றன. வண்டிச் சேதத்துக்கு 60 நாட்களுக்குள் தொகையைச் சொல்லியாக வேண்டும். விபத்து நடந்த விதத்தை எழுதி இரு ஓட்டுநர்களும் கையெழுத்திட்ட படிவம் இருந்தால் 30 நாட்கள்தான் அவகாசம். நீதிமன்றப் படி ஏறாமலே பெரும்பாலான சிறு விபத்துகளைத் தீர்க்க இது வழிசெய்கிறது.

நம் சட்டத்திலும் இதற்கான வித்து இல்லாமல் இல்லை. திருத்தப்பட்ட 149-ஆவது பிரிவின்படி, விபத்துத் தகவல் கிடைத்ததும் காப்பீட்டு நிறுவனம் அதற்கென ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும்; அவர் 30 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தின் முன் சமரசத் தொகையை முன்வைக்கலாம். உயிரிழப்பு, படுகாய வழக்குகளின் நோக்கில் மட்டும் இதைப் பார்ப்பதை விட்டு, வண்டிச் சேதத்துக்கும் எளிமையாக்கி நடைமுறைப்படுத்த அரசும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் முன்வர வேண்டும்.

தவறு யாருடையது என்று யார் தீர்மானிப்பது, பொய் க்ளெய்ம்கள் பெருகிவிடாதா என்று நிறுவனங்கள் கேட்கும். கேள்வி நியாயமானதே. எல்லா விபத்திலும் தவறு வெள்ளிடை மலையாகத் தெரிவதில்லை. இரு பக்கமும் பிழை இருக்கும் விபத்துகள் ஏராளம். அவை தீர்ப்பாயத்துக்கே போகட்டும். ஆனால் நின்ற வண்டியைப் பின்னாலிருந்து இடித்ததிலும், நிறுத்தியிருந்த வண்டியை உரசியதிலும் என்ன குழப்பம்? டேஷ்கேமும் கடை வாசல் கேமராவும் பெருகிவிட்ட காலம் இது. சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்ற சர்வேயர்கள் இருக்கிறார்கள். தெளிவான சிறு விபத்துகளைக்கூடத் தீர்க்க முடியாது என்பது இயலாமை அல்ல, மனமின்மை. க்ளெய்ம் போடாதவருக்குத்தான் போனஸ், அதுவே ஒப்பந்தம் என்றும் வாதிடுவார்கள். நல்லது. நிறுவனம் இடித்தவர் தரப்பிடமிருந்து தொகையை வசூலித்துவிட்டால் வாடிக்கையாளரால் அதற்கு நஷ்டமே இல்லையே, பின் போனஸை ஏன் வெட்ட வேண்டும்?

இன்னொரு பெரிய ஓட்டை, காப்பீடே இல்லாத வண்டிகள். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் பிறப்பித்த உத்தரவால், அப்போது புதிய கார்களுக்கு மூன்று ஆண்டு, இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. அந்த ஆண்டுகள் கழிந்ததும் புதுப்பிக்காமல் ஓட்டுபவர்கள் ஏராளம். காப்பீடு இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறை என்றும் சட்டத்தில் இருக்கிறது. சிறைக்குப் போனவரைக் காண்பதுதான் அரிது. ஓராண்டு பிரீமியத்தைவிட அபராதம் குறைவு என்றால், பிரீமியம் கட்டாமல் இருப்பதுதான் லாபம் என்று சட்டமே கற்றுக்கொடுக்கிறது.

எனவே செய்ய வேண்டியவை இவை. தன் தவறு இல்லை என்று சர்வேயர் அறிக்கையில் உறுதியானால் வாடிக்கையாளரின் போனஸைத் தொடக் கூடாது. கட்டாயக் கழிவையும் தேய்மானத்தையும் சேர்த்து எதிர்த்தரப்பு நிறுவனத்திடம் வசூலித்துத் தர வேண்டும். எல்லா நிறுவனங்களும் ஏற்கும் ஒரே விபத்துப் படிவம், தமிழ் உட்பட மாநில மொழிகளில் வேண்டும். நூறு ரூபாய் பிரீமியம் குறையும் என்பதற்காக, பிறர் சொத்துச் சேத வரம்பை 7.5 லட்சத்திலிருந்து 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ள அனுமதிக்கும் விதியை ஒழிக்க வேண்டும். காப்பீடில்லா வண்டிக்கான அபராதம் பிரீமியத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். காயமில்லாத விபத்து என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பாமல், குறைந்தது புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது தர வேண்டும்.

அதுவரை வண்டி வைத்திருப்பவர்கள் தம் உரிமையைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். வண்டிகளை நகர்த்துமுன் நம்பர் பிளேட் தெரியும்படி படம் எடுங்கள். எதிர்த்தரப்பின் பாலிசி விவரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். எதிர்த்தரப்பு பாலிசி விவரத்தைத் தர மறுத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 160-ஆவது பிரிவின்படி காவல் துறையிடமோ ஆர்.டி.ஓ. அலுவலகத்திடமோ அந்த விவரங்களைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்கள் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் ‘பேசி முடித்துவிட்டோம்’ என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பட்டறையில் பிரிக்க விடாதீர்கள். க்ளெய்ம் போடும் முன், இழக்கப்போகும் போனஸையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மூன்றாம் நபர் காப்பீட்டை அரசு கட்டாயமாக்கியது, இடித்தவர் கட்டிய பிரீமியம் இடிபட்டவருக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காகத்தான். பணத்தைக் கட்டாயமாக வசூலித்துவிட்டு, பலனைப் பெற மட்டும் நீதிமன்றத்துக்குப் போ என்பது காப்பீடு ஆகாது. ஒழுங்குமுறை ஆணையம் இனியும் தாமதிக்கலாகாது.