நடைபாதை இல்லாத விவேக நகரம்



‘விவேக நகரம்’ என்னும் சொல் இன்று மேடைதோறும் முழங்குகின்றது. கரிம வெளியீட்டைக் குறைக்க உணர்கருவி வேண்டுமாம், செயலி வேண்டுமாம், மின்மகிழுந்து வேண்டுமாம். இவை வேண்டா என்று நான் கூறவில்லை. ஆனால், இத்தனையும் வந்த பின்னரும் ஒரு பிள்ளை பள்ளிக்கும் ஒரு தாய் இரயில் நிலையத்துக்கும் அச்சமின்றி நடந்து செல்ல இயலாதெனில், அந்நகரத்தின் விவேகம் எங்கே போயிற்று?

கிள்ளான் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். காஜாங் எம்.ஆர்.டி. தடம் 51 கிலோமீட்டர் நீளத்தில் 2017இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 57.7 கிலோமீட்டர் புத்ராஜெயா தடம் 2023 மார்ச்சில் நிறைவுற்றது. இரண்டுக்கும் சுமார் 50 பில்லியன் ரிங்கிட் செலவு! இருந்தும் 2024இல் மட்டும் இந்நாட்டில் 8 இலட்சத்துக்கும் அதிகமான புதிய வாகனங்கள் விற்பனையாயின. நம் மக்கள் சோம்பேறிகள் என்பதாலா? இல்லை.

வீட்டிலிருந்து பார்த்தால் நிலையத்தின் கூரை தெரியும். நடக்கத் தொடங்கினால்தான் உண்மை விளங்கும். தாமானின் கடைசி வீட்டோடு நடைபாதை முடிந்துவிடும். அப்பால் மூடியில்லாத கால்வாய். அதையும் தாண்டினால் ஆறு வழிச் சாலை. கடக்கும் மேம்பாலமோ அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும். மழை வந்தால் ஒதுங்க ஓரிடமில்லை. இந்த ஒரு கிலோமீட்டருக்காக மகிழுந்தை எடுப்பவர், எடுத்ததுதான் எடுத்தோம் என்று அலுவலகம் வரைக்குமே ஓட்டிச் சென்றுவிடுகிறார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். இயந்திரம் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் குறும்பயணங்களிலோ, கிலோமீட்டருக்கு ஆகும் எண்ணெய் இன்னும் மிகுதி.

“இந்த வெயிலில் யார் நடப்பது?” என்பார்கள். சிங்கப்பூரில் மட்டும் நிலவா காய்கிறது? அங்கே எம்.ஆர்.டி. நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கூரையிட்ட நடைபாதை அமைக்கும் திட்டத்தை 2013இல் தொடங்கி, 200 கிலோமீட்டர் அளவுக்குக் கட்டி முடித்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் கோலாலம்பூரிலேயே கே.எல்.சி.சி.யிலிருந்து புக்கிட் பிந்தாங் வரை, ஒரு கிலோமீட்டருக்கும் மேல், குளிரூட்டப்பட்ட நடைமேம்பாலம் 2012 முதல் இருக்கின்றது. பேரங்காடிக்குப் போகிறவருக்குக் குளிர்காற்று. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு தகரக் கூரைகூட இல்லை!

மின்மகிழுந்து தீர்வாகாதா என்று கேட்கலாம். தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருகின்றது. வெளியீடு குறையும் என்பது மெய்தான். ஆயினும் பள்ளி வாசலில் இன்று நிற்கும் நூறு வண்டிகளும் அன்றும் அங்கேயேதான் நிற்கும். அவற்றுக்கு இடையே நடக்கும் பிள்ளையும் அதே அச்சத்தோடுதான் நடக்கும்.

ஆசிரியப் பெருமக்களே, நம்மையும் சற்றுப் பேசிவிடுவோம். ‘பூமியைக் காப்போம்’ என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். செடி நடச் செய்து படமெடுக்கிறோம். மணியடித்ததும் இயந்திரத்தை அணைக்காமல் காத்திருக்கும் வரிசைக்குள் அதே மாணவரை அனுப்புகிறோம். இதற்குப் பெற்றோரை நான் குறைகூற மாட்டேன். சாலையைப் பார்த்த எந்தத் தாயும் பிள்ளையைத் தனியே அனுப்பத் துணியமாட்டாள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நம் பள்ளிகள் பலவற்றுக்குப் பிள்ளைகள் தொலைவிலிருந்து வேனில்தான் வருகின்றனர். அவர்களுக்கு நடைபாதை மட்டும் போதாது, ஒழுங்கான பேருந்தும் வேண்டும். ஆனால், பள்ளிக்கு அருகில் குடியிருந்தும் வண்டியில் வரும் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன தடை?

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கூடாரத்துக்கும் நாற்காலிக்கும் நிதி கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டரை நீங்களே நடந்து பாருங்கள். பாதை அறுபடும் இடங்களைப் படமெடுங்கள். கால்வாய்க்கு மூடி, சாலை கடக்கும் விளக்கு, நிழற்கூரை ஆகிய மூன்றையும் எழுத்து வழி நகராண்மைக் கழகத்திடம் கேளுங்கள். ஒரு படியைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுமாதமும் அனுப்புங்கள்.