சினிமாவுக்கு வெளியே பாட்டுக்குச் சோறு உண்டா?

அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழா ஆடி மாதத்தில் நடக்கிறது. அதையொட்டிப் பெரிய சந்தை கூடும். குதிரைகள் வரும், மாடுகள் வரும். திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடந்து வருவதாகச் சொல்லப்படும் சந்தை இது. வெளியூர்க் குதிரைக்குப் பக்கத்திலேயே பர்கூர் மலையில் மேய்ந்த மாடும் நிற்கும். செந்நிற உடம்பில் வெள்ளைத் திட்டுகள். வாங்க வந்தவர்கள் பல்லைப் பார்க்கிறார்கள். சுழியைப் பார்க்கிறார்கள். நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். பிறகுதான் விலை பேசுகிறார்கள். "இந்த மாடு எந்தப் படத்தில் நடித்தது?" என்று ஒருவரும் கேட்பதில்லை.

பாட்டு விஷயத்தில் மட்டும் கேட்கிறார்கள்!

கொங்கு நாட்டுத் திருவிழா மேடைகள் பலவற்றில் இன்னிசைக் கச்சேரி நடப்பது வழக்கம். மேடையில் நிற்கும் வாலிபனுக்கு நல்ல குரல் இருக்கும். சொந்தமாக நாலு பாட்டுக் கட்டியும் வைத்திருப்பான். அவற்றில் ஒன்றை எடுத்தால் போதும், கீழேயிருந்து சீட்டு வரும்: "சினிமாப் பாட்டுப் பாடவும்." பாவம், அவன் என்ன செய்வான்? யாரோ எழுதி, யாரோ இசையமைத்து, யாரோ பாடியதை அச்சு அசலாகப் பாடிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறான்.

சினிமாவை நம்பாமல் தன் பாட்டைத் தானே கட்டித் தானே விற்கும் கோஷ்டியை மேல்நாட்டில் 'இண்டிபெண்டண்ட்' என்கிறார்கள். நம் பாஷையில் சுயேச்சை. தேர்தலில் சுயேச்சைக்கு டெபாசிட் மிஞ்சுவது எவ்வளவு கஷ்டமோ, தமிழ்ப் பாட்டிலும் அவ்வளவு கஷ்டம். ஆயினும் கொங்கு நாட்டிலிருந்தே ஒரு சுயேச்சை கிளம்பி ஜெயித்திருக்கிறது. ஜெயித்த பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

கோவை வாலிபர்

அந்தக் கோஷ்டிக்கு 'ஹிப்ஹாப் தமிழா' என்று பெயர். கோவையில் வளர்ந்த ஆதியும் அவருடைய கூட்டாளி ஜீவாவும் சேர்ந்து தொடங்கியது. அவர்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்க நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களிடையே பிறந்த 'ராப்' முறை. தாளத்தின் மேல் பேச்சை அடுக்கிக்கொண்டே போவது. நம்மவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமல்ல. லாவணிக் கச்சேரியில் கேள்வியும் பதிலுமாக மடக்கிப் பேசியதைக் கேட்டவர்களுக்கு, ராப் ஒரு தூரத்து உறவாகவே தோன்றும்.

2011ஆம் வருஷம் ஒரு தனியார் வானொலி நிலையத்தில் இவர்கள் பாடிய 'கிளப்புல மப்புல' என்ற பாட்டு யூடியூபில் ஏறியது. காட்டுத்தீ போலப் பரவியது. சினிமா இல்லை, நடிகர் இல்லை, சுவரொட்டி இல்லை. கைபேசிக்குக் கைபேசி தாவியே ஊரெல்லாம் போயிற்று. அந்தப் பாட்டின் விஷயம் போற்றத்தக்கதல்ல. குடிக்கிற ஆணை விட்டுவிட்டுக் குடிக்கிற பெண்ணை மட்டும் நிறுத்தி வைத்து ஏசுகிறது. அப்போதே கண்டனமும் எழுந்தது. கண்டனம் நியாயமே. ஆனால் சினிமா வாசலைத் தட்டாமலேயே தமிழ்ப் பாட்டு ஒன்று லட்சக்கணக்கானவர்களின் காதுக்குப் போய்ச்சேர முடியும் என்பதை அது காட்டிவிட்டது. 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' என்ற ஆல்பம் வந்தது.

அதற்குப் பிறகு? சினிமாதான்! 2015இல் 'ஆம்பள', அதே வருஷம் 'தனி ஒருவன்'. இசையமைப்பாளர் என்று பெயர் வந்தது. 2017இல் 'மீசைய முறுக்கு'. அதில் ஆதி கதாநாயகர், டைரக்டரும் அவரே. படத்தின் கதையே சொந்தப் பாட்டோடு சென்னைக்குப் போகும் ஒரு பையனின் கதை. சினிமாவுக்கு வெளியே பட்ட கஷ்டத்தைச் சொல்வதற்கும் ஒரு சினிமா வேண்டியிருந்தது!

விலைபோனார்களா?

இதைப் பார்த்து, "விலைபோய்விட்டார்கள்" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா? யூடியூபில் கிடைத்த கைதட்டல் மளிகைக் கடையில் செல்லுமா? ஆதி சினிமாவுக்குப் போனதில் தப்பு ஒன்றுமில்லை. போகாமல் பிழைக்க வழி வைக்காத ரசிகர்கள் மேல்தான் தப்பு.

சினிமாவில் இருந்துகொண்டும் அவர் சொந்தப் பாட்டை விட்டுவிடவில்லை. 2020இல் 'நான் ஒரு ஏலியன்' ஆல்பம் வந்தது. 2023இல் இசைத்தொழில் முனைவு பற்றி ஆராய்ந்து பாரதியார் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். பாட்டை எப்படி விற்பது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை ஒரு பாட்டுக்காரருக்கு வந்திருப்பதை என்னவென்று சொல்வது!

சொந்தப் பாட்டின் பலம் 2017 ஜனவரியில் தெரிந்தது. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் வாலிபர்கள் கூடினார்களே, அந்த நாட்களில் அவர்கள் வாயில் இருந்தது 'டக்கரு டக்கரு'. நாட்டுமாடு அழிந்தால் யாருக்கு லாபம் என்று கேட்ட பாட்டு. எந்தப் படத்துக்காகவும் எழுதப்பட்டதல்ல. போராட்டத்தின் கடைசியில் ஆதி விலகிக்கொண்டார்; அதற்காக நிறையப் பேச்சும் வாங்கினார். அவர் விலகியதைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். பாட்டு விலகவில்லை. பர்கூர் மாடும் காங்கேயம் காளையும் பற்றி வேளாண்மைப் பத்திரிகைகள் பல வருஷங்களாக எழுதி வந்ததைக் கல்லூரி மாணவனுடைய வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பாட்டு. இப்படி ஒன்றைப் படத்துக்குப் பாட்டெழுதும் இடத்தில் எழுத முடியுமா? கதாநாயகன் அறிமுகமா, காதலா, பிரிவா என்று கேட்பார்கள். மாட்டுக்கு அங்கே இடம் ஏது?

இங்கிலாந்தில் என்ன செய்தார்கள்?

மாஞ்செஸ்டர் நகரத்தைக் கோவைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோவைக்கே 'தென்னிந்திய மாஞ்செஸ்டர்' என்றுதானே பெயர்! அந்த அசல் மாஞ்செஸ்டரில் 'பஸ்காக்ஸ்' என்றொரு ராக் கோஷ்டி. 1977 ஜனவரியில் உறவினர், சிநேகிதர்களிடம் 500 பவுன் கடன் வாங்கி, பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார்கள். முதலில் அடித்தது 1,000 பிரதி. விற்றுத் தீர்ந்து மேலும் மேலும் அடிக்க வேண்டியதாயிற்று.

அவர்களைப் பார்த்து மற்ற ஊர்ப் பையன்களுக்கும் தைரியம் வந்தது. லண்டனில் 1976இல் 'ரஃப் டிரேட்' என்று ஒரு இசைத்தட்டுக் கடை திறந்திருந்தார்கள். இரண்டு வருஷத்தில் அந்தக் கடையே தட்டு வெளியிடும் கம்பெனியாயிற்று. பிறகு பல ஊர்களில் இருந்த சிறு விநியோகஸ்தர்கள் கூட்டுச் சேர்ந்து இப்படிப்பட்ட தட்டுகளை நாடெங்கும் அனுப்பினார்கள். 1980 ஜனவரியிலிருந்து சுயேச்சைத் தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியலும் வெளியாயிற்று. அதே மாஞ்செஸ்டரில் 1982இல் தோன்றிய 'ஸ்மித்ஸ்' கோஷ்டி, ரஃப் டிரேட் மூலமாகவே நாடறிந்த கோஷ்டியாயிற்று. அவர்களும் கடைசியில் பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். 1987இல் பிரிந்தும் போனார்கள். ஆனால் அதற்கு முன் ஐந்து வருஷம் சொந்தப் பாட்டைப் பாடியே பெயர் வாங்கினார்கள்.

அங்கே கடை இருந்தது, பட்டியல் இருந்தது, ஊருக்கு ஊர் சின்னச் சின்ன அரங்கங்கள் இருந்தன. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து புதுப் பாட்டைக் கேட்கிறவர்களும் இருந்தார்கள். திறமையில் அவர்கள் நம் பையன்களைவிட ஒசத்தி என்று சொல்ல முடியாது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில் நடக்கும், இங்கே நடக்காது" என்று சிலர் சொல்லலாம். நடந்திருக்கிறதே! டி. எம். சௌந்தரராஜன் பாடிய முருகன் பாட்டுகளும், எல். ஆர். ஈஸ்வரி பாடிய அம்மன் பாட்டுகளும் எந்தப் படத்தில் வந்தன? பல படத்துக்கு வெளியே பிறந்தவை. ஆடி மாதம் வந்தால் ஒலிபெருக்கி கட்டிய ஊரிலெல்லாம் அவைதான் முழங்குகின்றன. மேட்டுப்பாளையத்துப் பக்கம் பத்ரப்பன் என்ற பெரியவர் வள்ளி ஒயில் கும்மியை ஆயுள் முழுதும் பாடி, ஆடி, பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆக, சினிமா அல்லாத பாட்டைத் தமிழன் கேட்கமாட்டான் என்பது வெறும் சாக்கு. சாமிக்கென்றால் கேட்கிறான், கும்மிக்கென்றால் கேட்கிறான். வாலிபன் சொந்த மனசிலிருந்து பாடினால் மட்டும் ஏன் சீட்டு அனுப்புகிறான்?

அரைமணி நேரம் போதும்

விழாக் கமிட்டிக்காரர்கள் ஒரு காரியம் செய்யலாம். கச்சேரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே, "அரைமணி நேரம் உங்கள் சொந்தப் பாட்டு" என்று பேசிக்கொள்ளலாம். மீதி நேரம் சினிமாப் பாட்டே பாடட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. அந்த அரைமணியில் மஞ்சள் விலையைப் பற்றிப் பாடட்டும். தறிச்சத்தத்தைப் பற்றிப் பாடட்டும். பவானி ஆற்றில் தண்ணீர் வராததைப் பற்றிப் பாடட்டும். அந்தியூர் வெற்றிலைக்கு இன்னும் ஒரு நல்ல பாட்டு வரவேண்டியிருக்கிறது!

பணம் வரும்போது வேறொரு தொல்லையும் வரும். 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியாயிற்று. அறிவும் தீயும் பாடியது. சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. சினிமாப் பாட்டு அல்ல. உலகமெல்லாம் கோடிக்கணக்கில் பார்த்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். பேர்பெற்ற இசையமைப்பாளரே இப்படிச் சொன்னால், கோபியிலும் பவானியிலும் பாட்டுக் கட்டுகிற பையனின் கதி என்ன?

2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக்கொடுத்துவிட்டுக் கைகழுவ முடியாது. கம்பெனி கேட்டாலும் முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. சொந்தப் பாட்டுக் கட்டும் பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கல்லூரி ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் நடிகரைக் கூப்பிடுகிறார்கள். ஒரு வருஷமாவது ஒரு வக்கீலைக் கூப்பிடட்டும்.