விதியின்மேல் பழி

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாலிபனொருவன் மோட்டார் சைக்கிளோடு லாரியில் அடிபட்டு மாண்டால், ‘விதி முடிந்தது’ என்று சொல்லி, கருமாதிக்குக் கடன் வாங்குவதோடு நம்மவர் கடமை தீர்ந்துவிடுகிறது. மலேசியச் சாலைகளில் 2016-இல் 7,152 பேரும், 2019-இல் 6,167 பேரும் மாண்டனர். பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. விதிக்கு இருசக்கர வண்டியின்மேல் மட்டும் அத்தனை வன்மமா?

கிராணிகளாகிய நாம் கணக்கைப் பேசுவோம். சம்பளப் புஸ்தகத்தில் ஒரு பெயரை அடிக்க ஒரு கோடு போதும். அக்கோட்டிற்குப் பின்னால் படிப்பை நிறுத்தும் பிள்ளையும், அடகுக்குப் போகும் நகையும், மறுபடி வேலைக்கு இறங்கும் கிழத்தாயும் நிற்பதை எந்தப் புஸ்தகம் காட்டுகிறது?

வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தையும் வேலை விபத்தாகவே 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொள்கிறது. மாண்டபின் ஈடு தரச் சட்டம் செய்த சர்க்கார், மாளாதிருக்க விளக்குப் போடத் தயங்குவானேன்? கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை 1970-களிலேயே வந்தது. செம்மண் பாதை பெருஞ்சாலையில் சேரும் தோட்ட முகப்புக்கு ஒரு கம்பமும் கனமா?

தலைக்கவசம் 1973 முதல் சட்டம்; அதைக் கைப்பிடியில் மாட்டிச் செல்லும் சூரர்களும் நம்மிடையே உண்டு. திருவிழாவுக்கு வீடுவீடாய் வசூலிக்கும் கமிட்டியார், விளக்குக் கேட்டு ஜில்லா ஆபீசுக்கு ஒரு மனுவாவது போட்டதுண்டா? எழுதித்தர நாம் இருக்கிறோம்.